எத்தனை கட்டுரை என்று கேட்கும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அறிதிறன் நரம்பியல் துறைக்கு ஆள் எடுக்கும் குழுக்களுக்கும், ஆய்வுப் பணத்தைப் பங்கிடும் குழுக்களுக்கும்,

வணக்கம்.

ஆட்டிசம் உள்ளவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள், எப்படிக் கேட்கிறார்கள், அவர்களுடைய கவனம் எதில் நிற்கிறது என்று ஆராய்வது என் வேலை. இருபது வருடத்துக்கு மேலாக இதைத்தான் செய்துவருகிறேன். விண்ணப்பம் போட்டுவிட்டு உங்கள் அறைக்கு வெளியே காத்திருந்திருக்கிறேன். பிறகு உங்களோடு உள்ளே உட்கார்ந்து அடுத்தவர்களுடைய விண்ணப்பங்களைப் புரட்டியும் இருக்கிறேன். அந்தப் படிவம் எனக்கு மனப்பாடம். எத்தனை கட்டுரை, எந்த இதழில், எவ்வளவு நிதி கொண்டுவந்தார், எத்தனை கட்டுரையில் முதல் பெயர். ஆய்வறைக்கு வந்தவர்களில் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினீர்கள், ஏன் அனுப்பினீர்கள் என்று எந்தப் படிவமும் இதுவரை என்னிடம் கேட்டதில்லை. அதைக் கேளுங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

நான் திருப்பி அனுப்பிய ஒரு பையனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த காலம். பையனுக்கு ஒன்பது வயது இருக்கும், அம்மாவோடு வந்திருந்தான். திரையின் நடுவே ஒரு சிறிய கூட்டல் குறி. அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், எழுத்து தோன்றியதும் பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் சோதனை. இரண்டு சுற்று ஒழுங்காகச் செய்தான். மூன்றாவதில் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மேலே நிமிர்ந்து பார்த்தான். நான் கூப்பிட்டேன், திரும்பவில்லை. குறிப்பேட்டில் 'கவனம் இல்லை' என்று எழுதினேன். அதை எட்டிப் பார்த்த அம்மா தயங்கிக்கொண்டே சொன்னார்: "அந்த லைட் சத்தம் போடுதுங்க. அதைத்தான் கேட்டுட்டு இருக்கான்."

எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. இருந்தாலும் எழுந்துபோய்க் குழல்விளக்கை அணைத்தேன். அணைத்த பிறகுதான் தெரிந்தது, அந்த அறையில் அதுவரை ஒரு ரீங்காரம் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. மாதக்கணக்கில் அதே அறையில் உட்கார்ந்திருந்த எனக்கு அது நின்றபோதுதான் காதில் பட்டது. பையன் தலையைத் தாழ்த்தித் திரையைப் பார்த்தான். ஆனால் எனக்கு ஒதுக்கிய நேரம் முடிந்துவிட்டது. எல்லாருக்கும் ஒரே வெளிச்சத்தில்தான் சோதனை நடக்க வேண்டும் என்பது விதி. அவனுடைய பதிவுகளை 'விலக்கப்பட்டவை' என்ற வரிசையில் போட்டேன். உட்கார்ந்து முடித்தவர்களை மட்டும் வைத்துக் கட்டுரை எழுதினேன். அந்தக் கட்டுரையைப் பார்த்துத்தான் எனக்கு முதல் வேலை கிடைத்தது.

இது என் ஒருவர் கதை என்றால் இந்த மடல் தேவையில்லை. இந்தத் துறையில் இருக்கும் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், இப்படி ஒரு வரிசை அவரிடமும் இருக்கும்.

அந்தப் பையனுக்குக் கவனம் இல்லை என்று நான் எழுதியது தவறு. அது எப்படித் தவறு என்பதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில வருடங்கள் பிடித்தன. கவனத்தைப் பற்றி உளவியலாளர் நில்லி லாவி 1990-களில் முன்வைத்த சுமைக் கோட்பாடு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பார்ப்பதற்கு மூளைக்கு ஒரு கொள்ளளவு உண்டு. கையில் இருக்கும் வேலை அதை நிரப்பிவிட்டால், சுற்றி நடப்பது உள்ளே வராது. வேலை சுலபமானது என்றால் மிச்சக் கொள்ளளவு சும்மா கிடக்காது, வேண்டாததையும் சேர்த்து உள்வாங்கிவிடும். 2009-இல் அன்னா ரெமிங்டனும் சகாக்களும் இதை ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் சோதித்தார்கள். வட்டமாக வைத்த எழுத்துகளுக்குள் குறிப்பிட்ட ஓர் எழுத்தைத் தேட வேண்டும், வட்டத்துக்கு வெளியே கவனத்தைக் கலைக்க இன்னொரு எழுத்து. தேட வேண்டிய எழுத்துகள் கூடக் கூட, மற்றவர்களுக்கு வெளி எழுத்தின் தொல்லை சீக்கிரமே மறைந்துவிட்டது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அதைவிட அதிகமான சுமையிலும் அது உள்ளே வந்துகொண்டிருந்தது. தேடும் வேலையில் அவர்கள் பின்தங்கவும் இல்லை. வேலையையும் செய்கிறார்கள், அதற்கு மேலும் வாங்கிக்கொள்ள அவர்களிடம் இடம் இருக்கிறது. காதிலும் இதேபோல நடக்கிறது என்று 2017-இல் ரெமிங்டனும் ஃபேர்னியும் காட்டினார்கள்.

இப்போது அந்தப் பையனை நினைத்துப் பாருங்கள். நான் கொடுத்த வேலை அவனுக்கு மிகச் சுலபம். விளக்கும் உள்ளே வந்துவிட்டது. நான் அதற்குக் கவனக்குறைவு என்று பெயர் வைத்தேன்.

சத்தமும் வெளிச்சமும் ஆட்டிசம் உள்ளவர்களைப் படுத்தும் பாடு புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. 1943-இல் மனநல மருத்துவர் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய, ஆட்டிசம் பற்றிய ஆய்வுக்கு அடித்தளம் போட்ட கட்டுரையிலேயே அது இருக்கிறது. ஊஞ்சல், மின்தூக்கி, தூசி உறிஞ்சும் இயந்திரம், ஓடும் தண்ணீர் என்று அந்தக் குழந்தைகளைப் பயமுறுத்தியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு, அதாவது டி.எஸ்.எம்., புலன் சார்ந்த இந்த வேறுபாடுகளை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான். நடுவில் எழுபது வருடம். பெற்றோர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்களும் தங்கள் வாயால் சொன்னார்கள், எழுதினார்கள். அளப்பதற்குக் கஷ்டமான ஒன்றை ஓரமாக வைத்துவிட்டு, சுலபமாக அளக்கக் கூடியதை அளந்துகொண்டு இருந்தோம்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தமிழில் இதற்கு 'மதியிறுக்கம்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. நல்லெண்ணத்தில் உண்டாக்கிய சொல்தான். ஆனால் எனக்கு அது கை வருவதில்லை. விளக்கின் ரீங்காரம், திரையின் எழுத்து, என் பேனாவின் கிறீச்சல் எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே வந்துகொண்டிருக்கும் மதியை இறுகியது என்று எப்படிச் சொல்வது? ஆட்டிசம் என்றே எழுதுகிறேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நிதி பெரும்பாலும் மூன்று வருடத்துக்கு, நல்ல காலமாக இருந்தால் ஐந்து வருடத்துக்கு. நம் துறையின் ஒரே ஒரு கேள்வி தெளிவாவதற்கு எவ்வளவு காலம் பிடித்தது என்று பார்ப்போம். 1983-இல் அமிதா ஷாவும் ஊட்டா ஃப்ரித்தும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழந்தை வண்டியின் படம் இருக்கும், அதன் கோடுகளுக்குள்ளே ஒரு முக்கோணம் ஒளிந்திருக்கும், அதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் அதைப் பிரமாதமாகச் செய்தார்கள். எது முடியாது என்று மட்டுமே பட்டியல் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் இது பெரிய விஷயம். 1989-இல் ஃப்ரித் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார்: பகுதிகளைச் சேர்த்து முழுமையாகப் பார்க்கும் ஈர்ப்பு இவர்களிடம் பலவீனமாக இருக்கிறது. 2006-இல் பிரான்செஸ்கா ஹாப்பேயும் ஃப்ரித்துமே அதைத் திருத்தினார்கள். குறைபாடு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், நுணுக்கத்தின் பக்கம் சாயும் ஒரு பாணி என்றார்கள். அதே ஆண்டு லோராண் மோத்ரோனும் சகாக்களும் வேறு பக்கத்திலிருந்து வந்தார்கள். முழுமையைப் பார்ப்பதில் பழுது எதுவும் இல்லை, புலனுணர்வே கூர்மையாக வேலை செய்கிறது என்பது அவர்கள் வாதம். 2015-இல் ரூத் வான் டெர் ஹாலனும் சகாக்களும் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். நுணுக்கத்தில் பொதுவான மேன்மையும் தெரியவில்லை, முழுமையைப் பார்ப்பதில் பொதுவான குறையும் தெரியவில்லை. முழுமையைப் பார்க்க அவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகிறது, குறிப்பாக நுணுக்கங்கள் குறுக்கே வரும்போது. அவ்வளவுதான்.

'முடியாது' என்பதிலிருந்து 'நேரம் ஆகும்' என்ற இடத்துக்கு வர 32 வருடம். இந்த 32 வருடத்தில் எத்தனை நிதிச் சுற்று வந்து போயிருக்கும்! ஒவ்வொரு சுற்றிலும் விண்ணப்பித்தவர் தெளிவான, பெரிய ஒரு வேறுபாட்டைக் காட்டியாக வேண்டியிருந்தது. வேறுபாடு எதுவும் தெரியவில்லை என்று வந்த முடிவுகளில் எத்தனை மேசை டிராயரிலேயே தங்கியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. என் டிராயரில் சில இருந்தன, அது எனக்குத் தெரியும். 2019-இல் ரோட்கார்டும் சகாக்களும், மோத்ரோனும் அவர்களில் ஒருவர், ஆட்டிசம் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தார்கள். பல அளவீடுகளில் இரண்டு குழுக்களுக்கும் இடையே சொல்லப்பட்ட வித்தியாசம் வருடம் போகப் போகச் சுருங்கிக்கொண்டே வந்திருந்தது. ஆட்டிசம் என்று அடையாளம் காணும் வட்டம் விரிந்துகொண்டே போனது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். சிறிய எண்ணிக்கையில் ஆட்களை வைத்துக்கொண்டு பெரிய முடிவுகளை அவசரமாகச் சொன்னதற்கும் இதில் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

மூளைப் படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ. இயந்திரம் இன்னொரு பாடம் கற்றுக்கொடுத்தது. ஆட்டிசம் உள்ளவர்களின் மூளையில் தொலைவில் உள்ள பகுதிகளுக்கு இடையே தொடர்பு குறைவு, பக்கத்தில் உள்ளவற்றுக்கு இடையே அதிகம் என்று ஒரு காலத்தில் மேடை மேடையாகச் சொன்னோம். நானும் சொன்னேன். 2012-இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக ஒரே எச்சரிக்கையைக் கொடுத்தன: படம் எடுக்கும்போது தலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைந்தாலே போதும், அதே மாதிரியான தோற்றம் பொய்யாக உருவாகும். அந்தச் சத்தமான குழாய்க்குள் படுத்திருக்கும்போது எந்தக் குழந்தையின் தலை கூடுதலாக அசையும் என்று யோசித்துப் பாருங்கள். பழைய முடிவுகள் எல்லாமே பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் எது மூளை, எது அசைவு என்று மறுபடியும் முதலிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டியதாயிற்று. அப்புறம் நாங்கள் செய்தது என்ன? அசைபவர்களை விலக்கினோம். படங்கள் சுத்தமாயின. ஆனால் அசையாமல் படுத்திருக்க முடிந்தவர்கள் மட்டுமே ஆட்டிசத்தின் பிரதிநிதிகள் ஆகிவிட்டார்கள்.

இதன் மொத்தப் பலன் என்ன என்பதை 2019-இல் ஜின்னி ரஸ்ஸலும் சகாக்களும் எண்ணிக் காட்டினார்கள். ஆட்டிசத்துக்கென்றே உள்ள இதழ்களில் 2016-இல் வெளிவந்த ஆய்வுகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் பங்கேற்ற ஆட்டிசம் உள்ளவர்களில் 94 சதவீதம் பேர் அறிவுசார் குறைபாடு இல்லாதவர்கள். வெளி உலகத்தில் ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அந்தக் குறைபாடும் சேர்ந்தே இருக்கிறது. பேச்சு வராதவர்கள், நிறைய உதவி தேவைப்படுகிறவர்கள், எங்கள் விளக்கையும் நாற்காலியையும் பொறுத்துக்கொள்ள முடியாதவர்கள் பெரும்பாலும் எங்கள் முடிவுகளில் இல்லை. அவர்களைப் பற்றியும் சேர்த்துத்தான் நாங்கள் பேசுகிறோம்.

அவர்களையும் சேர்த்துக்கொள்ள முடியுமா? முடியும். எப்படி என்று சொல்கிறேன், ஏனென்றால் இது எதுவும் உங்கள் படிவத்தில் வராது. முதலில் அறையின் புகைப்படங்களை, கதவு, நாற்காலி, கருவி என்று வரிசையாக வீட்டுக்கு அனுப்ப வேண்டும். முதல் வருகையில் எதையும் அளக்கக் கூடாது, சும்மா வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. தொப்பியை ஒரு வாரம் வீட்டில் வைத்துக்கொள்ளக் கொடுக்க வேண்டும். ஒரு குழந்தை முதலில் அதைப் பொம்மைக்குப் போடும், அப்புறம் அம்மாவுக்கு, அதற்கும் அப்புறம்தான் தன் தலைக்கு. தொப்பிக்குள் விடும் பசை சிலருக்குத் தாங்காது, உப்புத் தண்ணீரில் நனைத்து வைக்கும் வகையை வாங்க வேண்டும். வாய் வழியாகவோ பொத்தான் வழியாகவோ பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாத சோதனைகளை, கண் அசைவை மட்டும் கொண்டு அளக்கும் சோதனைகளை, புதிதாக வடிவமைக்க வேண்டும். இப்படிச் செய்தால் மற்றவர் பத்துப் பேரை அளக்கும் நேரத்தில் நீங்கள் ஒருவரை அளப்பீர்கள். வருடக் கடைசியில் உங்கள் கட்டுரைப் பட்டியல் குட்டையாக இருக்கும். அந்தக் குட்டைப் பட்டியலோடு என் மாணவர்கள் உங்கள் முன்னால் வந்து நின்றார்கள். அவர்களில் இருவர் இப்போது இந்தத் துறையிலேயே இல்லை.

எந்த அளவுகோலை எடுக்கிறோம் என்பது ஆளையே மாற்றிக் காட்டிவிடும் என்பதற்கு நமக்குத் தெரிந்த சான்று ஒன்று இருக்கிறது. 2007-இல் மிஷேல் டாசனும் மோத்ரோன் குழுவினரும் ஒரே குழந்தைகளுக்கு இரண்டு அறிவுச் சோதனைகளைக் கொடுத்தார்கள். ஒன்று வாய்வழிக் கேள்வி பதில்கள் நிறைய வரும் வெக்ஸ்லர், இன்னொன்று வடிவங்களின் ஒழுங்கைக் கண்டுபிடிக்கும் ரேவன். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் ரேவனில் சராசரியாக 30 சதமானப் புள்ளிகள், அதாவது நூறு பேரை வரிசையாக நிறுத்தினால் முப்பது இடங்கள், மேலே நின்றார்கள். சில குழந்தைகளுக்கு இடைவெளி 70-ஐயும் தாண்டியது. ஆட்டிசம் இல்லாத குழந்தைகளிடம் அப்படி ஒரு வித்தியாசமே இல்லை. அந்தக் கட்டுரையின் முதல் பெயர் டாசனுடையது. அவரும் ஆட்டிசம் உள்ளவர். ஆய்வுக்கு வருவதற்கு முன் தபால் துறையில் வேலை பார்த்தவர், முனைவர் பட்டம் இல்லாமலே மோத்ரோனுடைய குழுவுக்குள் வந்தவர். அவருடைய விண்ணப்பம் உங்கள் மேசைக்கு வந்திருந்தால் எத்தனை நிமிடம் அங்கே இருந்திருக்கும்?

இதை நான் கோபத்தில் கேட்கவில்லை, எனக்கு இதில் ஒரு பழைய வலி இருக்கிறது. நானும் இருந்த ஒரு தேர்வுக் குழுவின் முன் ஆட்டிசம் உள்ள ஓர் இளம் ஆய்வாளர் வந்தார். எங்கள் யாருக்கும் தோன்றாத ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தவர். கேள்விகளுக்கு நின்று நிதானித்துப் பதில் சொன்னார். பேசும்போது மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வெளியே போனதும் குழுவில் ஒருவர் சொன்னார்: "ஆராய்ச்சி நல்லாத்தான் இருக்கு, ஆனா கண்ணைப் பாத்துப் பேசலையே. மாணவர்களை எப்படிச் சமாளிப்பார்?" ஆட்டிசத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிற நான் அந்த அறையில் வாயைத் திறக்கவில்லை. நிரந்தர வேலை இன்னும் கிடைக்காத காலம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வேலை வேறொருவருக்குப் போனது.

ஆட்டிசம் உள்ளவர்களை ஆய்வாளர்களாக எடுக்கச் சொல்வது இரக்கத்தினால் இல்லை. நாம் எடுக்கும் அளவீடு சரியாக வர வேண்டும் என்பதால் சொல்கிறேன். ஆட்டிசம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையே புரிதல் தடுமாறினால் அது இரண்டு பக்கத்துத் தடுமாற்றம் என்று 2012-இல் டேமியன் மில்டன் எழுதினார். அவரும் ஆட்டிசம் உள்ளவர்தான். 2020-இல் கேத்தரின் க்ராம்ப்டனும் சகாக்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். எட்டுப் பேரை வரிசையாக வைத்து, ஒருவர் கேட்ட கதையை அடுத்தவருக்குச் சொல்லச் சொன்னார்கள். எட்டுப் பேரும் ஆட்டிசம் உள்ளவர்கள் என்றால், ஆட்டிசம் இல்லாத எட்டுப் பேர் வரிசையைப் போலவே கதை நன்றாகப் போய்ச் சேர்ந்தது. இரண்டு வகையினரும் மாறி மாறி நின்ற வரிசையில்தான் அதிகமாக உதிர்ந்தது. இப்போது என் ஆய்வறையைப் பாருங்கள். சோதனையை விளக்குகிறவர் ஒரு வகை, கேட்டுக்கொள்கிறவர் இன்னொரு வகை. ஒவ்வொரு நாளும் அது கலந்த வரிசைதான். அங்கே உதிர்ந்துபோவதைப் பங்கேற்பவரின் குறை என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். என் குழுவில் ஆட்டிசம் உள்ள ஒருவர் சேர்ந்த பிறகு முதல் வாரத்திலேயே செய்முறை விளக்கத் தாளைத் திருத்தினார். "'எழுத்து வந்ததும் அழுத்து'ன்னு போட்டிருக்கீங்க. வந்த அந்த நொடியிலா, என்ன எழுத்துன்னு தெரிஞ்ச பிறகா?" என்று கேட்டார். அதே தாளைப் பல வருடமாக நான் கொடுத்துக்கொண்டிருந்தேன். யார் எப்படிப் புரிந்துகொண்டு அழுத்தினார்களோ, இப்போது கண்டுபிடிக்க வழியில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். விண்ணப்பத்தில் விலக்கப்பட்டவர்களின் கணக்கைக் கேளுங்கள்: எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், முடிக்காதவர்களுக்காக என்ன மாற்றினீர்கள். அந்த மூன்றாவது கேள்விக்கு நல்ல பதில் வைத்திருப்பவருக்கு மதிப்பெண் கொடுங்கள், கட்டுரை இரண்டு குறைந்தாலும் பரவாயில்லை. எதையும் அளக்காத முதல் வருகைக்கும் பணம் ஒதுக்குங்கள். இதுவரை அந்தச் செலவை வேறு கணக்கில் மறைத்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஆய்வு தொடங்கும் முன்பே திட்டத்தை மதிப்பிட்டு, முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுகிற முறை 2013-இலிருந்து இருக்கிறது. அந்த வகையில் வந்த ஒரு கட்டுரையை, வேறுபாடு இல்லை என்று முடிந்திருந்தாலும், முழுக் கட்டுரையாக எண்ணுங்கள். நேர்காணல் கேள்விகளை எல்லா விண்ணப்பதாரருக்கும் இரண்டு நாள் முன்னதாக அனுப்புங்கள். யார் எங்கே பார்த்துப் பேசினார் என்பதை மதிப்பீட்டுத் தாளிலிருந்து எடுத்துவிடுங்கள்.

நிதி குறைவு, போட்டி அதிகம், ஏதாவது ஓர் எண் இல்லாமல் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்பீர்கள். உள்ளே உட்கார்ந்திருந்தபோது நானும் அதையே கேட்டிருக்கிறேன். இருநூறு விண்ணப்பங்களை மூன்று நாளில் படிப்பது எவ்வளவு அலுப்பு என்று எனக்குத் தெரியும். எண்ணே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்னும் இரண்டு எண்ணைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

புதிய படிவத்துக்கு ஒரு வரைவு எழுதி வைத்திருக்கிறேன், இரண்டே பக்கம். கேட்டால் அன்றே அனுப்புகிறேன். அதை உங்களோடு உட்கார்ந்து வரி வரியாகப் பார்க்க, ஆட்டிசம் உள்ள சக ஆய்வாளர்கள் மூன்று பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். குழல்விளக்கு இல்லாத அறையாகப் பாருங்கள். அவர்கள் செலவிடும் நேரத்துக்கு, மற்ற வல்லுநர்களுக்குக் கொடுப்பதைப் போலவே ஊதியம் கொடுங்கள்.

இப்படிக்கு,
புலனுணர்வையும் கவனத்தையும் ஆராயும் உங்கள் சக ஆய்வாளர்